லீவு முடிய மூணு வாரம், மழைக்கு ரெண்டு வாரம்: கைப்பிள்ளையோட நாஞ்சில் நாட்டுக் கோடை

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு வழக்கைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறோம்.)

மக்களே. நாகர்கோவில் பக்கம் ஒத்த ஆளையும் "மக்களே"ன்னுதான் கூப்பிடுவாங்க. அதனால நீங்க தனியா ஹெட்போன் மாட்டிட்டு மெட்ரோல நின்னாலும் உங்களத்தான் சொல்றேன்.

போன வாரம் ஒரு மெயில் வந்துச்சு. பெங்களூர்ல வேலை பாக்கிற ஒரு தோழி. சொந்த ஊர் நாகர்கோவில். பிள்ளைக்கு ஆறரை மாசம். 26 வார மகப்பேறு விடுப்பு முடிஞ்சு, சேத்து வெச்சிருந்த லீவையும் போட்டு, இப்போ அம்மா வீட்டுல இருக்காங்க. ஜூன் நடுவுல ஆபீஸ். "இன்னும் மூணு வாரம்தான். கோடை முடியிறதுக்குள்ள பிள்ளைய எங்கெல்லாம் கூட்டிட்டுப் போகலாம், ஒரு லிஸ்ட் குடுங்க"ன்னு கேட்டிருந்தாங்க. கீழ அவங்களே ஒரு லிஸ்ட்டும் போட்டிருந்தாங்க. கன்னியாகுமரி சூரிய உதயம், படகுல விவேகானந்தர் பாறை, அங்கிருந்து வள்ளுவர் சிலைக்குக் கண்ணாடிப் பாலம், திற்பரப்பு அருவி, மாத்தூர் தொட்டிப்பாலம், முட்டத்துல அஸ்தமனம். கடைசி வரி மட்டும் கொஞ்சம் வேற மாதிரி இருந்துச்சு. "ஆறு மாசம் எப்படிப் போச்சுன்னே தெரியல, பால் குடுத்ததும் துணி மாத்துனதும்தான் ஞாபகம் இருக்கு."

அந்தக் கடைசி வரிக்காகத்தான் இந்த எபிசோட். லிஸ்ட்டைப் பத்தி முதல்லயே சொல்லிடறேன்: அது நல்ல லிஸ்ட், ஆனா அது உங்களுக்கான லிஸ்ட். பிள்ளைக்கு ரெண்டு வயசோ மூணு வயசோ ஆனப்புறம் அத்தனையும் பாருங்க. கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ஆம் தேதிதான் திறந்தாங்க, அது எங்கயும் போயிடாது. இந்த மே மாசக் கடைசியில படகுத்துறை வரிசையில ஆறரை மாசப் பிள்ளைய இடுப்புல வெச்சிட்டு நின்னா, பிள்ளைக்குக் கிடைக்கிறது விவேகானந்தர் பாறை இல்ல, முன்னாடி நிக்கிறவரோட முதுகு.

கொஞ்சம் பிள்ளையோட கண்ணு வழியா யோசிங்க. பிறந்த புதுசுல பிள்ளைக்குத் தெளிவா தெரியிறது 20, 30 சென்டிமீட்டர் தூரம்தான். பால் குடிக்கும்போது அம்மா முகம் இருக்கிற தூரம். அஞ்சாறு மாசத்துல நிறமும் தூரமும் நல்லா தெரிய ஆரம்பிச்சிடும். ஆனா அதுக்கு ஆர்வம் எதுலன்னா, கைக்கு எட்டுறதுல. தொடலாம், இழுக்கலாம், வாயில வைக்கலாம், அப்படிப்பட்டதுல. 133 அடி சிலை அதுக்கு ஒண்ணும் இல்ல. உங்க அம்மா வீட்டுத் திண்ணையில காயப்போட்ட துவர்த்து காத்துல ஆடுது பாருங்க, அது பெரிய விஷயம்.

நகரத்துல பிள்ளை வளக்கிறவங்களுக்காக ஒரு வார்த்தை. துவர்த்துன்னா நம்ம ஊர்ல துண்டு.

இப்போ நேரக் கணக்குக்கு வருவோம். நம்ம மாவட்டத்துல சென்னை, வேலூர் மாதிரி 40 டிகிரி எல்லாம் அடிக்கிறது அபூர்வம். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் கடல். அதனால "இங்க வெயில் ஒண்ணும் பெருசா இல்லையே"ன்னு தோணும். ஆனா புழுக்கம் இருக்கு. காத்துல ஈரம் ஏறிட்டா வேர்வை காயாது, உடம்பு ஆறாது. பெரியவங்களுக்கே அப்படின்னா, பிள்ளை உடம்பு எடைக்குத் தோல் பரப்பு அதிகம், சூட்ட சீக்கிரம் வாங்கிடும், நம்ம அளவுக்கு வேர்க்கவும் செய்யாது. அதனால வெளிய போறதெல்லாம் காலையில ஆறுல இருந்து எட்டு, எட்டரை வரை. இல்லைன்னா சாயங்காலம் அஞ்சரைக்கு மேல. நடுவுல இருக்கிற நேரம் வீட்டுக்குள்ளதான். தள்ளுவண்டி மேல துணியப் போட்டு மூடிட்டு "நிழல் குடுத்துட்டேன்"னு சொல்றவங்களுக்கு: அந்தத் துணிக்குள்ள காத்து நிக்கும், சூடு ஏறும். குடையோ மரமோ போதும். நிப்பாட்டின கார்ல ஒரு நிமிஷம்கூட தனியா விட வேண்டாம்.

இன்னொண்ணு, இது வீட்டுக்கு வீடு நடக்கிற சண்டை. ஆறு மாசம் ஆகாத பிள்ளைக்குக் கோடையிலயும் தண்ணி வேண்டாம், தாய்ப்பால் மட்டும் போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்றதும் அதுதான். ஆச்சி கேக்க மாட்டாங்க. "எம்மா, பிள்ளைக்கு நாக்கு வறண்டு போவும், ஒரு சங்கு தண்ணி குடு"ன்னு சொல்லிட்டே இருப்பாங்க. கோபப்படாம இதச் சொல்லிப் பாருங்க: "ஆச்சி, ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது மூத்திரம் போவுதா, அப்போ தண்ணி போதும்னு அர்த்தம்." எண்ணிக்கைன்னு வந்துட்டா ஆச்சிமார் ஒத்துக்குவாங்க, அவங்களே எண்ண ஆரம்பிச்சிருவாங்க. ஆறு மாசம் தாண்டியாச்சுன்னா சாப்பாட்டோட ஆற வெச்ச தண்ணி கொஞ்சம் கொஞ்சமா குடுக்கலாம்.

சரி, விளையாட்டு. என்னோட கட்சி என்னன்னா, ஒரு நாளைக்கு ஒண்ணு போதும். ஒண்ணே ஒண்ணு. அதையும் இருபது நிமிஷம்.

முதல்ல சிரட்டை. தேங்கா சிரட்டைக்கு மூணு கண்ணு இருக்கும், அதுல ஒண்ணு மென்மையானது, குத்தினா திறந்துக்கும். அந்தக் கண்ணுள்ள பாதி சிரட்டைய எடுத்து, நார் எல்லாம் சுரண்டி, விளிம்ப நல்லா தேய்ச்சு கழுவிக்கோங்க. முத்தத்துல மரத்தடியில ஒரு அகலமான சருவத்துல ரெண்டு விரக்கட உயரம் தண்ணி. பிள்ளைய உங்க மடியில சாய்ச்சு உக்கார வெச்சு, சிரட்டையில தண்ணிய மோந்து தூக்குங்க. கண்ணு வழியா ஒரு நூல் மாதிரி தண்ணி விழும். பிள்ளை அதப் பிடிக்கப் பாக்கும். பிடிக்க முடியாது. திரும்பப் பிடிக்கப் பாக்கும். ஆறு மாசத்துல இருந்து ஒரு வயசு வரைக்கும் இத விட நல்ல பொம்மை கடையில இருக்கான்னு எனக்குத் தெரியல. ரெண்டு செம்பருத்திய மிதக்க விடுங்க, சேப்பு நிறம் தண்ணியில ஆடுறதப் பாக்கட்டும். ஆனா கை பிள்ளை மேலயே இருக்கணும். ரெண்டு விரக்கட தண்ணி பிள்ளைக்கு ஆபத்துதான், போன் அடிச்சா அடிக்கட்டும். முடிஞ்சதும் தண்ணிய உடனே செடிக்குக் கொட்டிடுங்க. நின்னா கொசுவுக்கும் அது விளையாட்டு.

பூன்னதும் ஒரு எச்சரிக்கை. நம்ம தோவாளை மாணிக்கமாலைக்கு 2025-ல புவிசார் குறியீடு கிடைச்சுது, பெருமைதான். கல்லு பதிச்ச மாதிரி மடிச்சு மடிச்சு கட்டுற அந்த மாலைய பிள்ளை முன்னாடி தொங்க விட்டா கண்ண எடுக்காது. ஆனா அதுல இருக்கிறது அரளி. அரளி விஷம். இந்த வயசுல எல்லாமே வாய்க்குத்தான் போகும். எட்டாத உயரத்துல மாட்டி, தூக்கிக் காட்டிட்டு வாங்க. கையில குடுக்க செம்பருத்தி, இல்லைன்னா ஒரு தாமரை. தாமரை பெருசா இருக்கும், முழுங்க முடியாது. இதழ் இதழா பிய்க்கிறத பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டு, பிய்ச்சதை எடுத்துட்டே இருங்க.

நுங்கு வண்டி தெரியுமா? எங்க தலைமுறையில பாதிப் பேரு சினிமாவுலதான் பாத்திருப்போம். நுங்கு எடுத்த ரெண்டு கூந்தல ஒரு குச்சியில கோத்தா சக்கரம். இன்னொரு கவட்டைக் குச்சியால தள்ளினா ஓடும். மே மாசம் ரோட்டோரம் நுங்கு விக்கிறவங்ககிட்ட கேட்டா கூந்தல் சும்மாவே தருவாங்க. தவழுற பிள்ளை இருக்கிற வீட்டுல, பெரியவங்க யாராவது திண்ணையில அதப் பைய உருட்டினா போதும், பிள்ளை பின்னாடியே வரும். தவழாத பிள்ளைன்னா குப்புறப் போட்டு முன்னாடி உருட்டுங்க. தலையத் தூக்கிப் பாக்கும். முழிச்சிருக்கும்போது ஒரு நாளைக்கு மொத்தமா அரை மணி நேரமாவது குப்புறக் கிடக்கணும்னு டாக்டர் சொன்னப்போ, எப்படிடா அழாம கிடக்க வைக்கிறதுன்னு முழிக்கிறோம்ல, அதுக்கு இது ஒரு வழி. குச்சி முனை மட்டும் பிள்ளை கைக்கு எட்டாம பாத்துக்கோங்க. நுங்க என்ன பண்றதுன்னா, நீங்க சாப்பிடுங்க. பிள்ளைக்குன்னா தோல் சீவி, கரண்டியால நல்லா மசிச்சு, ஆறு மாசம் தாண்டினப்புறம் நாக்குல கொஞ்சம். முழுசா குடுத்தா வழுக்கிட்டு தொண்டையில போயிடும். அக்கானி, அதான் பதநீர், முழுசும் உங்களுக்குத்தான். ஒரு வயசு ஆகாத பிள்ளைக்கு இனிப்பு வேண்டாம். தேனும் வேண்டவே வேண்டாம்.

சாப்பாடுன்னு வந்துட்டதால, ஆறு மாசம் தாண்டின பிள்ளைக்கு நம்ம ஊர் மாதிரி அதிர்ஷ்டம் எங்கயும் கிடையாது. மட்டிப்பழம் இருக்கு. சின்னதா, மஞ்சளா, வாசமா. கன்னியாகுமரி மட்டிக்கு 2023-ல புவிசார் குறியீடு வந்துது, ஆனா நம்ம வீடுகள்ல அது காலங்காலமா பிள்ளைக்குக் குடுக்கிற பழம்தான். பெங்களூர்ல இருக்கிறவங்க இந்த மூணு வாரம் தினமும் ஒரு மட்டி மசிச்சுக் குடுங்க. திரும்பிப் போனா கிடைக்காது, இது என் சொந்த சோகம். அப்புறம் ஏத்தம்பழம். அவிச்சு, நடுவுல இருக்கிற கறுப்பு நரம்ப உருவி எடுத்துட்டு மசிக்கணும். அந்த நரம்பு உருவுற வேலைய ஆச்சி பண்றதப் பக்கத்துல உக்காந்து பாருங்க. பிள்ளையும் பாக்கட்டும், ஆவி பறக்குற தட்ட மட்டும் எட்டாம வெச்சு. செங்கவருக்கை மாம்பழம் சீசன் முடியப் போகுது. சதைய மசிச்சு குடுத்துட்டு, பெரும்பாலும் சூப்பின கொட்டைய பிள்ளை கையில குடுத்துப் பாருங்க. சட்டையக் கழட்டிட்டுக் குடுங்க. வாய்க்குள்ள போற அளவு கொட்டை இல்ல, ஆனாலும் எதிர்லயே உக்காருங்க. முடிஞ்சதும் வாயச் சுத்தித் துடைச்சிடுங்க, மாம்பால் பட்டா தடிக்கும்.

சக்கைய மட்டும் தொட்டுப் பாக்க மட்டும் வெச்சுக்கலாம். சுளை வழுக்கும், இழுவை, பிள்ளைக்கு ஆகாது. ஆனா வெட்டுறதுக்கு முன்னாடி முழுச் சக்கைய பாயில வெச்சு அந்த முள்ளு முள்ளான தோல் மேல பிள்ளை கைய வெச்சுப் பாருங்க. ஒரு நொடி கைய இழுத்துக்கும், திரும்ப வைக்கும். அந்த முகத்துக்கு ஒரு போட்டோ எடுக்கலாம், மறுப்பில்ல. வெட்டினப்புறம் பக்கத்துல விடாதீங்க. கையில பால் ஒட்டினா தேங்கா எண்ணெய் தேய்க்கத்தான் ஓடணும்.

எண்ணெய்னதும் குளியல். உருக்கு எண்ணெய் தேய்ச்சு, ஆச்சி தரையில உக்காந்து ரெண்டு காலையும் நீட்டி, கணுக்காலுக்கும் முட்டுக்கும் நடுவுல பிள்ளையக் கிடத்தி குளிப்பாட்டுறது ஒரு வித்தை. நகரத்துல வீடியோ பாத்து கத்துக்க முடியாது. இந்த மூணு வாரத்துல ஒரு விஷயம் மட்டும் கத்துக்கணும்னா, நான் இதத்தான் சொல்வேன். முதல் நாலு நாள் நீங்க பக்கத்துல உக்காந்து தண்ணி மோந்து குடுங்க. அஞ்சாம் நாள் உங்க கால்ல கிடத்துங்க, ஆச்சி மோந்து குடுக்கட்டும். மூக்குலயும் காதுலயும் எண்ணெய் விடுறதும், குளிச்சு முடிச்சு சாம்பிராணிப் புகை காட்டுறதும் மட்டும் வேண்டாம். டாக்டர்கள் ஒத்துக்க மாட்டாங்க. மூச்சுக்குழலுக்கு எண்ணெயும் ஆகாது, புகையும் ஆகாது. பவுடரும் அப்படித்தான். வேர்க்குருவுக்குப் பவுடர் மருந்து இல்ல. தளர்வான பருத்திச் சட்டையும் காத்தும்தான் மருந்து.

வெளிய எங்கயாவது போயே ஆகணும்னு கால் துடிக்கிறவங்களுக்கு ரெண்டே ரெண்டு இடம் சொல்றேன்.

ஒண்ணு தேரூர். சுசீந்திரம் தேரூர் ஈரநிலத்துக்கு 2022-ல ராம்சார் அங்கீகாரம் கிடைச்சுது. வலசை வர்ற பறவைங்க இப்போ இருக்காது, அதுக்கு டிசம்பர், ஜனவரியில வரணும். ஆனா கொக்கும் நீர்க்காகமும் எப்பவும் உண்டு. காலையில ஆறரைக்குக் குளக்கரையில நிழலா ஒரு இடம் பாத்து நில்லுங்க. கன்னிப்பூ பருவத்துக்கு வயல் உழுற காலம் இது. டிராக்டர் பின்னாடி வெள்ளை வெள்ளையா கொக்குக் கூட்டம் நடந்து வரும். டிராக்டர் திரும்பினா கொக்கும் திரும்பும். பெரியவங்களுக்கே வேடிக்கையா இருக்கும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை 1876-ல பிறந்த ஊரு இந்தத் தேரூர்தான். பசுவும் கன்னும் வர்ற அவரோட குழந்தைப் பாட்டு உங்களுக்கு நிச்சயம் தெரியும், ஒண்ணாங்கிளாஸ்ல படிச்சிருப்பீங்க. அத அங்க நின்னு பிள்ளைக்குச் சொல்லுங்க. அங்க பசு மேயும், கன்னு நிக்கும், வேற படம் போட்ட புத்தகம் தேவையில்ல. ஒரு வயசு வரைக்கும் திரையே வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. தேரூர் வயல் வரப்புல நிக்கும்போது அது கஷ்டமான விதியாவே தெரியாது. பெங்களூர் பிளாட்ல எப்படின்னு கேக்காதீங்க, அது தனி எபிசோட்.

இன்னொண்ணு பத்மநாபபுரம் அரண்மனை. இது நடுப்பகலுக்கு. தக்கலை பக்கம். தமிழ்நாட்டுல இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறை பராமரிக்கிறது, திங்கட்கிழமை லீவு. மரக்கட்டடம், தரை ஜில்லுனு இருக்கும். சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேத்து மெழுகின கறுப்புத் தரைன்னு சொல்வாங்க. நம்ம சிரட்டை இங்கயும் வந்துருச்சு பாத்தீங்களா. தோள்ல சாஞ்சு கிடக்கிற பிள்ளைக்கு எப்பவுமே தெரியிறது கூரைதான், எந்த அரண்மனைக்குப் போனாலும். இங்க கூரையப் பாக்கலாம். பூமுகத்து மேல மரத்துல 90 வகைப் பூ செதுக்கி வெச்சிருக்காங்க. மேல மந்திரசாலையில ஜன்னலுக்குக் கலர் கலரா மைக்கா பதிச்சிருக்கும், அது வழியா வர்ற வெளிச்சம் குளுகுளுன்னு இருக்கும். பிள்ளை ஒரு ஜன்னலையே அஞ்சு நிமிஷம் பாக்கும், பாக்கட்டும். வழிகாட்டி அவசரப்படுத்தினா நீங்க பின்தங்கிக்கோங்க. முழு அரண்மனையும் சுத்தணும்னு சட்டம் இல்ல. படிக்கட்டு செங்குத்து, குறுகல். தள்ளுவண்டி ஏறாது. மாரோட கட்டிக்கிற தூளி மாதிரி பை இருந்தா நல்லது. அதுலயும் பிள்ளை முகம் வெளிய தெரியணும், தாடை நெஞ்சுல முட்டக் கூடாது.

கடலப் பத்தி பேசாம போக முடியாது. நம்ம ஊருக்கு வந்து கடல் காட்டாம போனா எப்படின்னு எல்லாரும் கேப்பீங்க. காட்டலாம். சொத்தவிளை, சங்குத்துறை, எதுவா இருந்தாலும் காலையில சீக்கிரம். ஆனா மேல, காஞ்ச மணல்ல, தண்ணியில இருந்து நல்ல தூரத்துல. பிள்ளை காலை அலையில நனைச்சு ஒரு ரீல் எடுக்கிறதுக்கு மட்டும் தயவு செஞ்சு போகாதீங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, கள்ளக்கடல்னு ஒண்ணு இருக்கு. இந்தக் கரையில மீன்பிடிக்கிறவங்களோட சொல். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இந்தியப் பெருங்கடல்ல எங்கயோ புயல் அடிக்கும். அது கிளப்புற நீண்ட அலை நாள் கணக்கா பயணம் பண்ணி நம்ம கரைக்கு வரும். இங்க காத்தும் இருக்காது, மழையும் இருக்காது, வானம் சுத்தமா இருக்கும். கடல் மட்டும் திடீர்னு ஏறி வரும். முன்னறிவிப்பே இல்லாம திருடன் மாதிரி வர்றதாலதான் கள்ளக்கடல். மழைக்கு முந்தின ஏப்ரல், மே மாசங்கள்ல இது அதிகம். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில அஞ்சு மருத்துவ மாணவர்கள் இப்படித்தான் இறந்தாங்க. இருபதுகள்ல இருந்த பிள்ளைங்க. கையில ஒரு குழந்தையோட அலையில நிக்கிற நமக்கு ஓடக்கூட ஒரு கை குறைவு. ஹைதராபாத்துல இருக்கிற இன்கோயிஸ் நிறுவனம் இதுக்கு முன்னெச்சரிக்கை குடுக்குது, மாவட்ட நிர்வாகமும் அறிவிக்கும். போறதுக்கு முன்னாடி செய்தியப் பாருங்க, அப்புறம் கரையில இருக்கிற மீனவர் யாரையாவது பாத்து "அண்ணே, இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?"ன்னு கேளுங்க. அவர் வேண்டாம்னா வேண்டாம்.

காஞ்ச மணல்ல உக்காந்தா என்ன குறைச்சல்? பிள்ளை ஒரு கைப்பிடி மணல எடுத்து விரல் வழியா விடும். அடுத்த கைப்பிடி வாய்க்கு வரும், அத நீங்க பிடிங்க. அதுக்குக் கடல் சத்தமும் காத்தும் போதும். திரும்பி வர்ற வழியில டீயோட பழம்பொரி வாங்கித் தின்னுங்க. அது நம்ம பங்கு.

இப்போ அப்பாக்களே, ஹெட்போன கழட்டாதீங்க. மத்திய அரசு வேலைன்னா தந்தைக்கு 15 நாள் லீவு இருக்கு. தனியார்ல சட்டப்படி ஒரு நாளும் கட்டாயம் இல்ல, கம்பெனி குடுத்தா உண்டு. அதனால நீங்க பெரும்பாலும் மே மாசம் ஒரு வாரம் லீவு போட்டு, மாமனார் வீட்டுக்கு வந்து, மாப்பிள்ளை மரியாதையில ஆப்பம் சாப்பிட்டுட்டு இருப்பீங்க. காலையில ஆறுல இருந்து எட்டு வரைக்கும் பிள்ளை உங்க பொறுப்பு. பால் குடுத்து முடிச்சதும் வாங்கிட்டு வெளிய போயிடுங்க. குளக்கரை, வயல், தெருமுனை டீக்கடை, எங்க வேணா. வீட்டுல அம்மா தூங்கட்டும். நான் இந்த எபிசோட்ல சொன்ன எல்லாத்தையும் விட்டுட்டாலும் பரவாயில்ல, இத மட்டும் விடாதீங்க. ஆறு மாசமா தொடர்ந்து மூணு மணி நேரம் தூங்காத ஒருத்தி மூணு வாரத்துல ஆபீஸ் போகப் போறா. "ஆறு மாசம் எப்படிப் போச்சுன்னே தெரியல"ன்னு அந்த மெயில்ல எழுதினது ஞாபக மறதி இல்ல மக்களே, தூக்கம் இல்லாதது. தூங்கி எழுந்தவளுக்குத்தான் சிரட்டையில விழுற தண்ணிய பிள்ளை பிடிக்கப் பாக்கிறது ஞாபகத்துல நிக்கும். தூங்கியும், மனசு எதுலயும் ஒட்டாம, காரணமில்லாம அழுகை வந்துட்டே இருந்தா, அத "பிள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான்"னு விடாதீங்க. அதுக்கு டாக்டர் இருக்காங்க, கூட்டிட்டுப் போங்க.

அப்பாக்களுக்கு ஒரு போனஸ். ஊருக்குத் திரும்புறப்போ திருநெல்வேலி வழியா பகல் ரயில் கிடைச்சா ஜன்னலோரம் பிடிங்க. அஞ்சு வயசு வரைக்கும் தனி இருக்கை கேக்கலைன்னா டிக்கெட் கிடையாது. ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டும்போது ரெண்டு பக்கமும் காத்தாலை. மே மாசத்துல இருந்து அங்க காத்து சீசன், எல்லாம் சுத்திட்டு இருக்கும். பெருசா, மெதுவா, வெள்ளையா, திரும்பத் திரும்ப ஒரே மாதிரி. பிள்ளைக்குன்னே யாரோ டிசைன் பண்ணின மாதிரி இருக்கும். ஜன்னல் காத்து நேரா முகத்துல அடிக்காம கொஞ்சம் உள்ள தள்ளி உக்காருங்க.

கடைசியா மழை. இத நான் வேணும்னே கடைசிக்கு வெச்சேன். கேரளாவுல தென்மேற்குப் பருவமழை தொடங்குற கணக்கு ஜூன் 1. 2025-ல மே 24-க்கே வந்துருச்சு. கேரளாவுல விழுந்தா நமக்கும் விழும், அதுதான் நாஞ்சில் நாட்டோட கொடுப்பினை. பெரியவங்க எடவப்பாதின்னு மலையாள மாசக் கணக்குல சொல்வாங்க. அதனால அந்தத் தோழியோட மூணு வாரத்துக்குள்ள அனேகமா மழை வந்துரும். பிள்ளை பிறந்தது நவம்பர்ல. அப்போ பெஞ்ச மழை அதுக்குத் தெரியாது. இதுதான் அதுக்குத் தெரிஞ்சு வர்ற முதல் மழை.

இடி மின்னல் இருந்தா உள்ளதான் இருக்கணும். வெறும் மழைன்னா, திண்ணையில நின்னு, ஓட்டு விளிம்புல இருந்து விழுற தண்ணிக்கு பிள்ளையோட ஒத்தக் கைய மட்டும் நீட்டுங்க. முதல்ல கொட்டுற அழுக்குத் தண்ணி போகட்டும், கொஞ்ச நேரம் கழிச்சு. சிரட்டை விளையாட்டு பழகின பிள்ளைன்னா அது உடனே பிடிக்கப் பாக்கும். அதுக்குத் தெரிஞ்ச விஷயம்தானே, இப்போ வானத்துல இருந்து வருது. உடம்பு நனைஞ்சா துவட்டி மாத்துங்க, அவ்வளவுதான். மழையில கை நனைஞ்சதால காய்ச்சல் வராது. காய்ச்சல் வேற காரணத்துக்கு வரும். மூணு மாசம் ஆகாத பிள்ளைக்கு உடம்பு 38 டிகிரி செல்சியஸ் தொட்டாலே அன்னைக்கே டாக்டர்கிட்ட போகணும், விடியட்டும்னு இருக்கக் கூடாது.

முதல் மழையில கரண்ட் போகும். அது நம்ம ஊர் வழக்கம், யாரையும் குறை சொல்லல. கொசுவலைக்குள்ள பிள்ளையோட படுத்துக்கோங்க. வலை போதும், சின்னப் பிள்ளைக்கு மேல எதையும் பூச வேண்டாம். இருட்டுல ஓட்டு மேல மழைச் சத்தம் மட்டும் கேக்கும். ஆச்சிய வலைக்குப் பக்கத்துல உக்காரச் சொல்லி, அவங்க உங்களுக்குப் பாடின தாராட்டப் பாடச் சொல்லுங்க. தமிழ்ல பாடுவாங்க, நடுவுல மலையாளம் வரும். 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்துலதானே நாம இருந்தோம். சுவாதித் திருநாள் 1813-ல பிறந்தப்போ அந்தக் குழந்தைக்குன்னே இரயிம்மன் தம்பி எழுதின மலையாளத் தாராட்டு இன்னைக்கும் நம்ம பக்கத்து வீடுகள்ல கேக்குது. ராஜாவுக்கு எழுதினது, யார் வீட்டுப் பிள்ளையும் அதக் கேட்டுத் தூங்கலாம். போன்ல சார்ஜ் இருந்தா ஆச்சி குரல ரெக்கார்ட் பண்ணிக்கோங்க. படம் எடுக்காதீங்க, இருட்டுல ஒண்ணும் விழாது. குரல் மட்டும், பின்னாடி மழையோட. ஜூன் 20-ஆம் தேதி ராத்திரி பெங்களூர்ல பிள்ளை தூங்காம அடம் பிடிக்கும்போது போட்டுப் பாருங்க.

தோழி, இதுதான் உங்க லிஸ்ட். சிரட்டை, சருவம், நுங்குக் கூந்தல், ஒரு குளம், ஒரு ஜன்னல், ஒரு மழை. திற்பரப்ப அடுத்த கோடைக்கு வெச்சுக்கலாம். பிள்ளை நடக்க ஆரம்பிச்சிருக்கும், அப்போ அதப் பிடிக்க நீங்க ஓடுறதுக்கு இடம் வேணும்ல. உங்க ஆச்சி வேற என்னல்லாம் விளையாட்டுக் காட்டுனாங்கன்னு குரல் பதிவா அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல போடுறேன். இப்போ நான் எழுந்திரிக்கணும், உள்ள முழிச்சாச்சு.